நெஸ் ஏரியில் பெருவிலங்கு இல்லை என்பதை எதைக் கொண்டு உறுதி செய்கிறோம்?

கேள்வி: செங்கால்நாரை

ஸ்காட்லாந்தின் நெஸ் ஏரியில் வாழ்வதாகச் சொல்லப்படும் ‘நெஸ்ஸி’யைப் பற்றிச் சிறுவயது முதலே படித்து வருகிறேன். அப்படியொரு விலங்கு இருக்கிறது என்று வாதாடுவதற்காக இதை எழுதவில்லை. இல்லை என்று சொல்பவர்கள் எந்தச் சான்றின்மேல் நின்று சொல்கிறார்கள் என்பதை அறியவே கேட்கிறேன். நான் படித்த கட்டுரைகளில் பெரும்பாலானவை ஒரு போலிப் புகைப்படத்தைக் காட்டிவிட்டு அத்தோடு முடிந்துவிடுகின்றன. ஒரு படம் போலி என்பதாலேயே ஏரியில் ஒன்றும் இல்லை என்று ஆகிவிடாது அல்லவா?

அந்த ஏரி ஏறத்தாழ 37 கிலோமீட்டர் நீளமும் 230 மீட்டர் ஆழமும் கொண்டது. இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் உள்ள ஏரிகளின் நீரையெல்லாம் சேர்த்தாலும் இந்த ஒரு ஏரியின் நீருக்கு ஈடாகாது என்கிறார்கள். கரையிலுள்ள பீட் நிலங்களிலிருந்து (பாதி மட்கிய தாவரங்கள் படிந்த சதுப்பு நிலங்கள்) வடிந்து வரும் நீர் ஏரியைக் கருந்தேநீர் நிறமாக்கிவிடுவதால், மூழ்குவோருக்குச் சில மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரிவதில்லை. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துவிட்டதாகக் கருதப்பட்ட சீலகாந்த் மீன் 1938இல் உயிருடன் பிடிபட்டது. 2022இல் மொராக்கோவின் பழைய ஆற்றுப் படிவுகளில் நெஸ்ஸி என்று பலர் கருதும் பழங்கால நெடுங்கழுத்துக் கடல் ஊர்வனவான பிளீசியோசாரின் புதைபடிவங்கள் கிடைத்தபோது, நன்னீரிலும் அவை வாழ்ந்திருக்கலாம் என்று பாத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எழுதினார்கள். ‘நெஸ்ஸிக்கு வாய்ப்புண்டு’ என்று செய்தித்தாள்களும் தலைப்பிட்டன.

சீலகாந்துக்கு நேர்ந்தது நெஸ்ஸிக்கு ஏன் நேரக்கூடாது? விவரம் அறிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: ஓதம்

நண்பர் செங்கால்நாரை அவர்களுக்கு வணக்கம். நீங்கள் கேட்டிருப்பது நியாயமான கேள்வி. புகைப்படங்களை முழுக்க ஒதுக்கிவிட்டு, அந்த ஏரி எப்படிப்பட்டது என்பதிலிருந்து தொடங்குகிறேன்; ஏனெனில் வலுவான விடை அங்கேதான் இருக்கிறது.

நெஸ் ஏரி ஸ்காட்லாந்தைக் குறுக்காக வெட்டிச் செல்லும் ‘கிரேட் கிளென்’ என்னும் நிலப்பிளவின்மேல் அமைந்த பள்ளம். பனியுகத்தில் நகர்ந்த பனிப்பாறைகள் அந்தப் பள்ளத்தைக் குடைந்து ஆழமாக்கின. ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன்புவரை அந்தப் பகுதி பனிக்கு அடியில் கிடந்தது. ஆகவே இன்று அந்த ஏரியில் வாழும் பெரிய உயிரினம் எதுவாக இருந்தாலும், பனி உருகிய பிறகு கடலிலிருந்து நெஸ் ஆற்றின் வழியாக வந்து சேர்ந்ததாகவே இருக்க முடியும். டைனோசர் காலத்திலிருந்து ஏரிக்குள் ஒளிந்திருந்தது என்ற கதை இதனாலேயே அடிபட்டுப் போகிறது. பிளீசியோசார்கள் 6.6 கோடி ஆண்டுகள் கடலில் உயிர்வாழ்ந்து, அண்மைக் காலத்தில்தான் ஏரிக்குள் புகுந்தன என்று வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். அப்படியானால் அந்த நெடுங்காலத்துக் கடற்படிவுகளில் அவற்றின் எலும்புகள் எங்கே? அதே காலப் படிவுகளில் திமிங்கிலம், கடலாமை ஆகியவற்றின் எலும்புகள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. பிளீசியோசாரின் எலும்பு ஒன்றுகூட இல்லை. மொராக்கோ எலும்புகளின் வயதோ ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகள். நன்னீர் அவற்றுக்கு ஒத்துப்போயிருக்கும் என்பதற்கு அவை சான்றாகலாம். அந்த இனம் இன்றுவரை பிழைத்திருக்கிறது என்பதற்கு அவற்றில் எதுவும் இல்லை.

சீலகாந்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சீலகாந்த் செவுள்களால் மூச்சுவிடும் மீன். அது பெரும்பாலும் வாழ்வது எரிமலைத் தீவுகளின் செங்குத்தான கடலடிச் சரிவுகளில் உள்ள குகைகளில். அத்தகைய இடங்களின் படிவுகள் நாம் தோண்டிப் பார்க்கும் நிலப்பாறைகளாக மாறுவது அரிது. பிளீசியோசாரோ நுரையீரலால் மூச்சுவிட்ட ஊர்வன. நாள்தோறும் பலமுறை நீர்மட்டத்துக்கு வந்தே தீரவேண்டிய விலங்கு, ஒன்றரைக் கிலோமீட்டர் அகலமே உள்ள, ஒரு கரையில் நெடுஞ்சாலை செல்லும் ஏரியில், தொண்ணூறு ஆண்டுகளாக இத்தனை கேமராக்களுக்கு முன்னால் ஐயத்துக்கு இடமில்லாத ஒரு படத்தைக்கூடத் தராமல் இருந்திருக்க முடியுமா என்று எண்ணிப் பாருங்கள்.

அடுத்து உணவு. நெஸ்ஸியைப் பற்றிய விவாதங்களில் யாரும் அதிகம் தொடாத இடம் இது என்பதால் சற்று நின்று விளக்குகிறேன். அந்தக் கறுத்த நீருக்குள் சூரிய ஒளி சில மீட்டருக்குமேல் இறங்குவதில்லை. ஒளி இல்லாவிட்டால் நுண்பாசி வளராது. நுண்பாசி குறைந்தால் அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் குறையும். அவை குறைந்தால் மீன் குறையும். ஆழ்நீர் ஆண்டு முழுவதும் 5 அல்லது 6 டிகிரி குளிரிலேயே கிடக்கிறது. அவ்வளவு பெரிய ஏரியில் உள்ள திறந்தநீர் மீன்கள் அனைத்தையும் சேர்த்தாலும் எடை ஏறத்தாழ 20 டன்தான் இருக்கும் என்பது சோனார், அதாவது நீருக்குள் ஒலியை அனுப்பி எதிரொலியால் அறியும் கருவி, தந்த கணிப்பு. இரைவிலங்குகளின் மொத்த எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு எடையுள்ள வேட்டை விலங்குகளையே ஒரு நீர்நிலை தாங்கும் என்பது சூழலியலில் பொதுவாகக் கொள்ளப்படும் கணக்கு. அப்படியானால் கிடைப்பது 2 டன். ஓர் இனம் தலைமுறை தலைமுறையாக நிலைக்க ஒற்றை விலங்கு போதாது, ஒரு கூட்டமே வேண்டும். அந்தக் கூட்டத்தில் பத்து விலங்குகள் மட்டுமே இருப்பதாகக் கொண்டாலும் ஒவ்வொன்றுக்கும் 200 கிலோ எடைக்குமேல் தேறாது. பத்து என்பதோ எந்த இனமும் நெடுங்காலம் நிலைப்பதற்குப் போதாத எண்ணிக்கை. கூட்டத்தைப் பெரிதாக்கினால் விலங்கு சிறுத்துப்போகிறது. விலங்கைப் பெரிதாக்கினால் கூட்டம் இல்லாமல் போகிறது.

கடைசியாக, நேரடித் தேடல். 2018இல் நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மரபியலாளர் நீல் ஜெம்மல் தலைமையிலான குழு, ஏரியின் பல இடங்களிலும் வெவ்வேறு ஆழங்களிலும் ஏறத்தாழ 250 நீர் மாதிரிகளை எடுத்தது. நீரில் வாழும் எந்த விலங்கும் தோல், செதில், சளி, கழிவு என்று எதையாவது உதிர்த்துக்கொண்டே இருக்கும். அவற்றிலுள்ள டி.என்.ஏ. சில நாள்கள் முதல் சில வாரங்கள்வரை சிதையாமல் நீரில் கலந்திருக்கும். நீரை மெல்லிய வடிதாளில் வடித்து, அதில் தங்கும் டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்துப் படித்தால் அந்த நீரில் யார் யார் வாழ்கிறார்கள் என்ற பதிவேடு கிடைத்துவிடுகிறது. 2019 செப்டம்பரில் வெளியான முடிவில் மனிதர், நாய், ஆடு, மாடு, மான் ஆகியவற்றின் தடயங்கள்கூடக் கரையிலிருந்து வந்து சேர்ந்திருந்தன. ஊர்வனவற்றின் டி.என்.ஏ. அறவே இல்லை. நெஸ்ஸி என்று சிலர் கருதிய கிரீன்லாந்து சுறாவும் இல்லை, ஸ்டர்ஜன் மீனும் இல்லை, பெருங்கெளுத்தியும் இல்லை. மாதிரி எடுத்த இடங்களில் ஏறத்தாழ எல்லாவற்றிலும் கிடைத்தது விலாங்கின் டி.என்.ஏ.

பதில்: வடகடல்

ஓதம் அவர்கள் புகைப்படங்களை ஒதுக்கி வைத்தது சரியே. ஆனாலும் இத்தனை பேர் எதைத்தான் பார்த்தார்கள் என்ற கேள்வி நிற்கிறது. நான் ஸ்காட்லாந்தில் வசிப்பவன், அந்த ஏரிக்குப் பலமுறை சென்றிருக்கிறேன் என்பதால் அதைப் பற்றிச் சொல்கிறேன்.

ஏரிக்கரையிலுள்ள அர்க்கார்ட் கோட்டையின் இடிந்த சுவரருகே நின்று நீரைப் பார்த்துக்கொண்டிருந்தால், சுற்றுலாப் படகு ஒன்று கடந்து போகும். படகு கண்ணுக்கு மறைந்து, நீர் கண்ணாடிபோல் அடங்கிய பிறகு, ஏரியின் நடுவே கறுத்த மேடுகள் இரண்டோ மூன்றோ வரிசையாக எழுந்து, எதிர்த்திசையில் மெல்ல நகர்ந்து, இருந்த இடம் தெரியாமல் அமிழும். ஏரி ஒடுங்கியது, கரைகள் செங்குத்தானவை. ஆகவே படகு கிளப்பிய அலைகள் உடையாமல் மறுகரைவரை போய் மோதித் திரும்பி, ஒன்றோடொன்று சந்திக்கும் இடத்தில் இப்படி உயர்கின்றன. காரணம் தெரிந்து பார்த்த எனக்கே அந்த நேரத்தில் உடல் சிலிர்த்தது. காரணம் தெரியாமல் பார்த்தவர் விலங்கு என்று சொன்னால் அவரைப் பொய்யர் என்று நான் சொல்ல மாட்டேன். இப்படி அலை கிளப்பும் கப்பல்களுக்கும் குறைவில்லை: 1822 முதல் கலிடோனியக் கால்வாயின் கப்பல்கள் இந்த ஏரி வழியாகத்தான் போய் வருகின்றன.

நீருக்கு அடியிலும் ஓர் இயக்கம் உண்டு. கோடையில் மேலடுக்கு நீர் சூடேறி, அடியிலுள்ள குளிர்நீரின்மேல் தனியாக மிதக்கும். காற்று ஒரே திசையில் நெடுநேரம் வீசி மேலடுக்கை ஏரியின் ஒரு முனைக்குத் தள்ளிவிட்டு ஓய்ந்ததும், இரண்டு அடுக்குகளும் ஊசலாடத் தொடங்கும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வெடர்பர்ன் என்னும் அறிவியலாளர் இதே ஏரியில் இதை அளந்து எழுதினார். இந்த ஊசலாட்டம் உண்டாக்கும் நீரோட்டத்தில் மிதக்கும் மரக்கட்டை காற்றுக்கு எதிராக நகரும். உயிருள்ள ஒன்று தன் விருப்பப்படி நீந்துவதுபோலவே அது தோன்றும்.

கதையின் வயதையும் கவனிக்க வேண்டும். கிறித்தவத் துறவியான புனித கொலம்பா கி.பி. 565இல் நீர்விலங்கு ஒன்றை விரட்டியதாக வரும் பழைய குறிப்பைப் பலர் சான்றாகக் காட்டுகிறார்கள். அதை எழுதிய அடம்னான், கொலம்பா இறந்து ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு எழுதினார். நிகழ்ந்ததாகச் சொல்லும் இடமும் நெஸ் ஆறே தவிர ஏரி அன்று. அருளாளர் ஒருவர் கொடிய விலங்கை அடக்குவது அக்காலப் புனிதர் வரலாறுகளில் வழக்கமாக இடம்பெறும் நிகழ்ச்சி. இன்று நாம் அறிந்த நெஸ்ஸி பிறந்தது 1933இல்தான். ஏரியின் வடகரைச் சாலை அந்த ஆண்டுகளில் சீரமைக்கப்பட்டு, மரங்கள் வெட்டப்பட்டு, காரில் போகிறவர்களுக்கு நீர்ப்பரப்பு தெளிவாகத் தெரியத் தொடங்கியது. மே 2ஆம் நாள் ‘இன்வர்னஸ் கூரியர்’ இதழ், ஓர் இணையர் ஏரியில் பெரிய உயிரினம் புரள்வதைக் கண்டதாகச் செய்தி வெளியிட்டது. அதில் நீண்ட கழுத்தைப் பற்றிய பேச்சே இல்லை. அந்தக் கோடையில் லண்டனைச் சேர்ந்த ஸ்பைசர் இணையர் சாலையைக் கடந்த விலங்கு ஒன்றை விவரித்தபோதுதான் நெடுங்கழுத்து புகழ் பெற்றது. நீரிலிருந்து நெடுங்கழுத்து விலங்கு எழும் காட்சி கொண்ட ஒரு ஹாலிவுட் படம் அதே ஆண்டில்தான் திரையரங்குகளில் ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு நடந்தவற்றில் மோசடியும் கலந்தது. ‘டெய்லி மெயில்’ அனுப்பிய வெதரெல் என்னும் வேட்டைக்காரர் 1933 டிசம்பரில் கரையில் கண்டெடுத்த காலடித் தடம், பதப்படுத்தப்பட்ட நீர்யானைக் காலால் பதிக்கப்பட்டது என்று லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் கண்டறிந்தது. 1934 ஏப்ரலில் அதே நாளிதழில் வெளிவந்த, உலகமே அறிந்த அந்தக் கழுத்துப் படம், பொம்மை நீர்மூழ்கியின்மேல் செய்து பொருத்திய தலைதான் என்பதை வெதரெலின் வளர்ப்பு மகன் ஸ்பர்லிங் வெளிப்படுத்திய செய்தி 1994இல் வந்தது.

மறுவினா: செங்கால்நாரை

இருவருக்கும் நன்றி. உணவுக் கணக்கை நான் எங்கும் படித்ததில்லை. பிளீசியோசார் என்ற எண்ணத்தை இத்துடன் விட்டுவிடுகிறேன். இன்னும் இரண்டு கேள்விகள் உள்ளன. ஜெம்மல் குழு எடுத்த டி.என்.ஏ.வில் ஒரு பங்கு எந்த உயிரினத்துடனும் பொருந்தவில்லை என்று படித்தேன். அதில் ஏதாவது இருக்கலாமா? விலாங்கின் டி.என்.ஏ. இவ்வளவு கிடைத்ததால், நெஸ்ஸி என்பது அளவுக்கு மீறி வளர்ந்த விலாங்காக இருக்கலாம் என்று அவரே சொன்னாரே, அதை எப்படி எடுத்துக்கொள்வது?

பதில்: மலைமுகடு

உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் ஓதம் அவர்களே விடையளிப்பது பொருத்தம். நான் சீலகாந்தைப் பற்றி மட்டும் சொல்ல விரும்புகிறேன். அறியப்படாத விலங்குகளைத் தேடுவோர் அனைவரும் அதை எடுத்துக்காட்டுகிறார்கள். ஆனால் அது எப்படிக் கிடைத்தது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

1938 டிசம்பர் 22 அன்று தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் லண்டன் துறைமுகத்தில் ‘நெரின்’ என்னும் இழுவைப்படகு கரை சேர்ந்தது. அவ்வூர் அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொண்ட மார்ஜரி கோர்ட்னி-லாட்டிமர் என்னும் இளம்பெண், வலையில் வந்த மீன்குவியலில் நீலநிறத் துடுப்பு ஒன்று நீட்டிக்கொண்டிருப்பதைக் கண்டு, மேலே கிடந்தவற்றை விலக்கிப் பார்த்தார். ஒன்றரை மீட்டர் நீளம், 57 கிலோ எடை, கை கால் போன்ற சதைப்பற்றுள்ள துடுப்புகள். டாக்சிக்காரர் அதை ஏற்றிக்கொள்ளத் தயங்கினார். பிணவறையிலும் குளிர்கிடங்கிலும் இடம் கொடுக்க மறுத்துவிட்டார்கள். கொளுத்தும் கோடை அது. ஃபார்மலினில் நனைத்த துணியும் செய்தித்தாளும் சுற்றி அவர் அதைக் காக்க முயன்றும் உள்ளுறுப்புகளைக் காப்பாற்ற முடியவில்லை. அவர் வரைந்து அனுப்பிய ஓவியத்தைக் கண்டுதான் மீனியலாளர் ஜே.எல்.பி. ஸ்மித் அது என்ன மீன் என்பதை உணர்ந்தார். இரண்டாவது மீனுக்காக ஸ்மித் பரிசு அறிவித்து, கிழக்காப்பிரிக்கக் கரையெங்கும் துண்டறிக்கை பரப்பி, 1952வரை காத்திருந்தார். அது கொமொரோ தீவுகளில் கிடைத்தபோது தெரியவந்த செய்தி இது: அங்குள்ள மீனவர்கள் அதை ‘கொம்பெஸ்ஸா’ என்ற பெயரால் நெடுங்காலமாக அறிந்திருந்தார்கள், அவ்வப்போது தூண்டிலில் மாட்டுவதும் உண்டு.

சவோலாவின் கதையும் இப்படித்தான். 1992இல் வியட்நாமின் வூ குவாங் காட்டை ஆராயச் சென்ற குழு, நீண்ட நேரான கொம்புகளை வேட்டைக்காரர்களின் வீடுகளில் கண்டது. மாட்டினத்தைச் சேர்ந்த அந்தப் பெரிய பாலூட்டியை அறிவியல் உலகம் அதுவரை அறிந்திருக்கவில்லை. ஒட்டகச்சிவிங்கியின் உறவினமான ஒகாபியை ஐரோப்பியர் 1901இல் அறிவதற்கு முன்பே காங்கோவின் இதுரி காட்டு மக்கள் அதை வேட்டையாடி, அதன் தோலைப் பயன்படுத்தி வந்தார்கள். நம் மேற்குத்தொடர்ச்சி மலையிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஆண்டு முழுவதும் மண்ணுக்குள் வாழ்ந்து, மழைக்காலத் தொடக்கத்தில் இனப்பெருக்கத்துக்காகச் சில நாள்களே வெளியே வரும் ஊதாத் தவளையை இடுக்கியிலிருந்து 2003இல் அறிவியல் உலகுக்கு அறிமுகம் செய்தார்கள். அதன் நெருங்கிய உறவினங்கள் செஷல்ஸ் தீவுகளில் இருக்கின்றன. அதே இனவகையைச் சேர்ந்த இன்னொரு தவளை திருவில்லிபுத்தூர் மலைப்பகுதியில் கண்டறியப்பட்டு, கோவையில் பணியாற்றிய ஆய்வாளர் பூபதியின் பெயரால் 2017இல் விவரிக்கப்பட்டது. ஊதாத் தவளையின் தலைப்பிரட்டைகளை ஓடைப் பாறைகளிலிருந்து எடுத்து உண்ணும் வழக்கம் அங்குள்ள பழங்குடியினரிடம் இருக்கிறது.

கொம்பு, தோல், வலையில் வந்த மீன், சமையலுக்கு எடுத்த தலைப்பிரட்டை என்று இவை ஒவ்வொன்றும் ஆய்வாளர் வருவதற்கு முன்பே யாரோ ஒருவரின் கையில் இருந்தவை. நெஸ் ஏரியிலும் ஆற்றிலும் சால்மன் பிடிப்பவர்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். அவர்களில் எவர் வீட்டிலும் அந்த விலங்கின் பல் ஒன்றோ எலும்பு ஒன்றோ இல்லை. விலங்கைக் கண்டதாகச் சொல்லப்படும் நிகழ்வுகள் ஆயிரத்துக்கும்மேல் பதிவாகியும், கையில் எடுத்துப் பார்க்க ஒன்றும் இல்லை. சீலகாந்தோடு ஒப்பிடும்போது என்னை முடிவுக்குக் கொண்டுவருவது இதுதான்.

பதில்: ஓதம்

மலைமுகடு அவர்கள் சொன்னதோடு முழுமையாக உடன்படுகிறேன். செங்கால்நாரை அவர்களின் கேள்விகளுக்கு வருகிறேன்.

பொருந்தாமல் எஞ்சிய டி.என்.ஏ. எந்த ஊர்க் குளத்து நீரை எடுத்தாலும் கிடைக்கும். பாக்டீரியாக்களிலும் நுண்ணுயிர்களிலும் பெரும்பாலானவற்றின் மரபணுக்கள் இன்னும் தரவுத்தளங்களில் ஏறவில்லை. சிதைந்த துண்டுகளும் அடையாளம் தராது. முதுகெலும்புள்ள ஒரு புதிய விலங்கு அப்படி ஒளிந்துகொள்ள இயலாது. நேரான பொருத்தம் கிடைக்காவிட்டாலும், பல்லிக்கோ ஆமைக்கோ பறவைக்கோ எவ்வளவு நெருங்கியது என்பது தெரிந்துவிடும்.

விலாங்கைப் பற்றி ஜெம்மல் சொன்னது மிகக் கவனமான கூற்று. டி.என்.ஏ.வைக் கொண்டு விலாங்கு இருப்பதைச் சொல்லலாம், அதன் அளவைச் சொல்ல முடியாது. ஆகவே பெருவிலாங்கு என்ற வாய்ப்பைத் தன் தரவு மறுக்கவில்லை என்பதே அவர் கூறியது. ஆனால் ஐரோப்பிய விலாங்கு 1 மீட்டரைத் தாண்டுவதே அரிது. பிடிபட்ட விலாங்குகளின் அளவுகளைக் கொண்டு 2023இல் செய்த புள்ளியியல் கணிப்பு ஒன்று, ஏரியில் 1 மீட்டர் நீள விலாங்கு அகப்படும் வாய்ப்பே ஏறத்தாழ 50,000இல் ஒன்று என்றது. 6 மீட்டர் விலாங்குக்கு வாய்ப்பு ஏறத்தாழ இல்லை என்றே கொள்ளலாம்.

சோனார் தேடல்களையும் குறிப்பிட வேண்டும். 1987 அக்டோபரில் ஏரியை நெடுங்காலம் ஆராய்ந்த ஏட்ரியன் ஷைன் தலைமையில் இருபதுக்கும் மேற்பட்ட படகுகள் ஏரியின் குறுக்கே வரிசைகட்டி, சோனாரால் நீரைத் துழாவியபடி நகர்ந்தன. விளக்க முடியாத 3 எதிரொலிகள் கிடைத்தன. திரும்பிப் போய்ப் பார்த்தபோது அங்கே ஒன்றுமில்லை. வெப்ப அடுக்குகளின் எல்லையில் ஒலி வளைவதும், செங்குத்துக் கரைகளில் பட்டுத் திரும்புவதும் இப்படிப்பட்ட எதிரொலிகளை உண்டாக்கக்கூடியவை. 2003இல் பிபிசிக்காக 600 சோனார் கற்றைகளைக் கொண்டு ஏரி முழுவதையும் ஆராய்ந்தபோதும் பெருவிலங்கு எதுவும் அகப்படவில்லை. 2016இல் நீரடி இயந்திரம் ஒன்று அடித்தரையில் நெஸ்ஸி வடிவத்தையே கண்டது. 1969இல் படப்பிடிப்பின்போது மூழ்கிப்போன 9 மீட்டர் நீள மாதிரி அது. அசையாமல் கிடந்த ஒரு பொம்மையைக்கூடக் கண்டுபிடிக்கும் கருவிகள் அந்த ஏரிக்குள் இறங்கியிருக்கின்றன என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

விலாங்கில் உங்களுக்கு ஆர்வம் பிறந்திருப்பதால் இன்னும் ஒரு செய்தி. நெஸ் ஏரியின் விலாங்குகள் அங்கே முட்டையிடுவதில்லை. பல ஆண்டுகள் வளர்ந்த பிறகு ஆற்றின் வழியே கடலில் இறங்கி, அட்லாண்டிக்கின் மேற்குப் பகுதியிலுள்ள சர்காசோ கடலுக்குப் போகின்றன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டென்மார்க்கின் யோஹானஸ் ஷ்மிட் மிகச் சிறிய விலாங்குக் குஞ்சுகளை அங்கே கண்டு இதை ஊகித்தார். வளர்ந்த விலாங்குகளே அந்தக் கடலை அடைவது, அசோர்ஸ் தீவுகளில் செயற்கைக்கோள் கருவி பொருத்தி விடப்பட்டவை மூலமாக 2022இல்தான் முதன்முறையாக உறுதியாயிற்று. அங்கே அவை முட்டையிடுவதையோ, இட்ட முட்டையையோ இதுவரை எவரும் பார்த்ததில்லை. 1980களுக்குப் பிறகு ஐரோப்பியக் கரைகளுக்கு வந்து சேரும் விலாங்குக் குஞ்சுகள் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே குறைந்துவிட்டன. அந்த இனம் இன்று மிக அருகிய இனங்களின் பட்டியலில் இருக்கிறது.